மான் நடந்து வரும் நிலத்தைத் தேடுங்கள்: பென்சில்வேனியாவில் புதிதாக வேட்டை உரிமம் எடுத்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தின் முதல் நாளில், விடிவதற்கு முன்பே அலிகேனி தேசிய வனத்துக்குள் நுழையப்போகிறவர்களில் நம்மவர்களும் சிலர் இருக்கிறீர்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது. பயிற்சி வகுப்பை முடித்துவிட்டீர்கள், உரிமம் கையில் இருக்கிறது. எந்தத் துப்பாக்கி நல்லது, எந்தக் காலணி குளிர் தாங்கும் என்று கேட்டு இரண்டு மாதமாக எனக்கு அழைப்பு வந்தபடி இருக்கிறது. எங்கே உட்காருவது என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரும், "வண்டியிலிருந்து அதிகம் நடக்க வேண்டாத இடமாகச் சொல்லுங்கள் அண்ணா" என்றார். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அவரைக் குறை சொல்லவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தாத்தா காட்டைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். எந்த ஓடையைத் தாண்டி எந்த மேட்டில் மான் வரும் என்பது குடும்பச் சொத்துபோலக் கைமாறுகிறது. நாம் வந்த நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே குற்றம். அது சரியான சட்டம்தான். ஆனால் நமக்குச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. பரண் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பரணை எங்கே கட்டுவது என்ற அறிவு நம் தலைமுறைக்கு வந்து சேரவில்லை.

என் இரண்டாவது ஆண்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல எளிதான கதை இல்லை.

காட்டுச் சாலையை மறித்து நிற்கும் இரும்புக் கதவிலிருந்து இருநூறு தப்படி தூரத்தில் ஓர் இடத்தைப் பிடித்தேன். உயரமான பிளாக் செர்ரி மரங்கள், நடுவில் புதரே இல்லை. தரை முழுக்கக் காய்ந்த பெரணி, வைக்கோல் நிறத்தில் படிந்து கிடந்தது. எந்தத் திசையில் பார்த்தாலும் கண் தடையில்லாமல் போனது. இதைவிட நல்ல இடம் உண்டா என்று பூரித்துப்போனேன். பகல் முழுவதும் ஒரு மானும் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல், கீழே பள்ளத்தில் யாரோ எழுந்து நடந்தார்கள். அவர்களுக்குப் பயந்து ஓர் ஆண்மான் என் முன்னால் பாய்ந்து ஓடியது. நூற்றைம்பது தப்படி இருக்கும். சுட்டேன். குண்டு பின்வயிற்றில் பட்டது.

காய்ந்த இலைகளில் மிளகு அளவுக்குச் சொட்டுச் சொட்டாக ரத்தம். மவுண்டன் லாரல் புதருக்குள் அந்தத் தடமும் நின்றுபோனது. முன்பின் தெரியாத இரண்டு பேர் கைவிளக்குடன் வந்து இரவு பதினொரு மணி வரை என்னோடு தேடினார்கள். மறுநாள் காலையில் ஓடைக்கரையில் கண்டெடுத்தேன். கொயோட்டி என்ற இந்த ஊர் ஓநாய் இன விலங்குகள் எனக்கு முன்பே வந்து போயிருந்தன. அந்த மான் அந்த இரவில் எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தது என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அன்று என் கை நடுங்கவில்லை, துப்பாக்கியிலும் பழுதில்லை. நான் தேர்ந்தெடுத்த நிலம்தான் தவறு. சில நிலங்களில் மான் நடந்து வரும். சில நிலங்களில் ஓடித்தான் வரும். நடந்து வரும் மானை நாற்பது தப்படியில் நிதானமாக, நெஞ்சுப் பகுதியில் ஒரே குண்டில் வீழ்த்தலாம். ஓடி வரும் மானைச் சுடுகிறவன் அதன் வலியை வைத்துச் சூதாடுகிறான். நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: மான் நடந்து வரும் நிலத்தைக் கண்டுபிடிக்காமல் துப்பாக்கியில் குண்டு போடாதீர்கள்.

முதலில் அந்தப் பெரணித் தரையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் புதியவர்கள் எல்லோரும் அங்கேதான் போய் உட்காருகிறார்கள். இந்தக் காடு 1923இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டபோது அங்கே காடே இல்லை என்று சொல்லலாம். மரக் கம்பெனிகள் மொட்டையடித்துவிட்டுப் போன குன்றுகளை 'அலிகேனி புதர்க்குவியல்' என்று ஊரார் ஏளனம் செய்தார்கள். அதற்கு முன்பே மானும் வேட்டையில் ஏறக்குறைய அழிந்துபோய், 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். புதிதாகத் துளிர்த்த மரக்கன்றுகளைத் தின்று மான் பெருகியது. பெருகிய மான், முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்து தீர்த்தது. மான் வாய் வைக்காத பெரணி மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டது. கோடையில் அதை நசுக்கி முகர்ந்தால் வைக்கோல் வாசனை வரும். பார்க்கப் பூங்கா போல இருக்கிற அந்த இடத்தில் மானுக்குத் தின்ன ஒன்றும் இல்லை, ஒளிய இடமும் இல்லை. நமக்கு நூறு கெஜம் தெரிகிறது என்றால் மானுக்கும் நம்மை நூறு கெஜம் தெரிகிறது. வெளிச்சத்தில் அது அங்கே கால் வைத்தால் யாரோ விரட்டுகிறார்கள் என்று பொருள்.

அடுத்தது கூட்டம். இதே பென்சில்வேனியாவில் ஸ்புரூல் மாநிலக் காட்டில் ஆய்வாளர்கள் வேட்டை நாள்களில் விமானத்தில் பறந்து ஆட்களை எண்ணியிருக்கிறார்கள். சாலையை விட்டு விலக விலக ஆட்கள் குறைந்தார்கள், சரிவு செங்குத்தாக ஆக ஆக இன்னும் குறைந்தார்கள். மானுக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். முதல் நாள் காலை பத்து மணிக்குள் எந்தப் பக்கம் மனித வாடை, எந்தப் பக்கம் அமைதி என்று அது கணக்குப் போட்டுவிடும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு நான்கு மைல் உள்ளே போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். சாலைக்கு நேர் கீழே செங்குத்தாக இறங்கும் சரிவில் யாரும் கால் வைப்பதில்லை. எல்லோரும் அதன் தலைக்கு மேல் வண்டியில் போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சரிவில், வண்டிச் சத்தம் காதில் விழும் தூரத்தில், மான் படுத்திருந்த தடங்களை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் எதைச் சோம்பலால் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இனி நிலத்தின் அமைப்பு. 5 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட இந்த வனம் கூரிய முகடுகள் கொண்ட மலைத்தொடர் அல்ல, பீடபூமி. மேலே தட்டை, அந்தத் தட்டையை ஓடைகள் அறுத்து அறுத்துப் பள்ளங்களாக்கியிருக்கின்றன. பள்ளத்தின் பக்கச்சுவர் செங்குத்து. ஒரு மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்குப் போக வேண்டிய மான் எண்பது அடி இறங்கி எண்பது அடி ஏறுவதைவிட, ஓடை பிறக்கும் தலைப்பைச் சுற்றிக்கொண்டு போவதையே விரும்பும். பள்ளிக்கூடத்தில் சமவுயரக் கோடுகள் என்று படித்தோமே, அதை இப்போது எடுத்து வையுங்கள். கோடுகள் நெருக்கமாக வந்து, சட்டென்று விரியும் இடம்தான் ஓடைத் தலைப்பு. இரண்டு ஓடைகளின் தலைப்புகள் எதிரெதிர்த் திசையிலிருந்து நெருங்கி வந்து, நடுவில் கழுத்துப்போல ஒரு குறுகிய தட்டையை விட்டுவைத்திருந்தால் அந்த இடத்தை வட்டமிடுங்கள். சரிவின் நடுவில் படிபோல ஒரு தட்டு இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். காற்று முதுகுப்பக்கம் மேலிருந்து வர, கண் கீழே பார்க்க, மான் படுப்பதற்கு அதுபோல வசதியான இடம் வேறில்லை.

வரைபடம் பாதிதான். அந்தக் கழுத்தின் ஒரு பக்கம் உணவும் மறுபக்கம் மறைவும் இருந்தால்தான் அது உயிருள்ள வழி. ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டிய இடங்களைத் தேடுங்கள். வான்படங்களில் திட்டுத்திட்டாகத் தெரியும். அங்கே பிளாக்பெரி முட்புதரும் இளங்கன்றும் ஆள் உயரத்துக்கு அடைத்து நிற்கும். மறுபக்கம் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத் தோப்போ லாரல் புதரோ இருக்க வேண்டும். ஓக் மரம் இருந்து, அந்த ஆண்டு கொட்டை விழுந்திருந்தால் இன்னும் நல்லது. துப்பாக்கிப் பருவம் தொடங்குவதற்குள் இணைசேரும் பருவத்தின் உச்சம் முடிந்துவிடுகிறது. அது நவம்பர் நடுவிலேயே வந்து போய்விடும். பெண்மானைத் துரத்தி எலும்பும் தோலுமான ஆண்மான் அப்போது தேடுவது தீனியும் நிம்மதியும்தான்.

என் இடத்தை நான் மார்ச் மாதத்தில் கண்டுபிடித்தேன். பனி உருகி, புல் முளைக்காத அந்த இரண்டு மூன்று வாரம்தான் காடு எதையும் மறைக்காமல் காட்டும். முந்தைய இலையுதிர் காலத்தில் கொம்பு உரசிய மரங்களின் பட்டை உரிந்த வெள்ளை, குளம்பு பட்டுப் பட்டுக் குழிந்த ஒற்றையடிப் பாதை, புழுக்கைக் குவியல் எல்லாம் அப்படியே கிடக்கும். இரண்டு தலைப்புகளுக்கு நடுவில் நூறு தப்படி அகலமுள்ள கழுத்து. அதன் மேல் மூன்று பாதைகள் வந்து ஒன்றாகிப் பிரிந்தன. அங்கிருந்து இரும்புக் கதவுக்கு முக்கால் மைல்.

அந்த நவம்பரில் இருட்டோடு போய் ஒரு பீச் மரத்தில் முதுகை வைத்து உட்கார்ந்தேன். எட்டே முக்கால் இருக்கும். ஹெம்லாக் பக்கமிருந்து முதலில் ஒரு காது தெரிந்தது. இரண்டு அடி வைத்து நின்றது. மூக்கைத் தூக்கியது. ஒரு பிளாக்பெரி நுனியைக் கடித்து, மென்றபடியே இன்னும் நான்கு அடி. நாற்பது தப்படியில் பக்கவாட்டில் திரும்பி நின்றபோது சுட்டேன். முப்பது தப்படிகூடப் போகவில்லை, விழுந்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அதன் கழுத்தில் கை வைத்தேன். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் நிலத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. இங்கே சாலையோரங்களில் மில்க்வீட் என்றொரு செடி உண்டு, நம் எருக்கின் இனம். அக்டோபரில் அதன் காய் வெடித்து வெள்ளைப் பஞ்சு பறக்கும். ஊரில் எருக்கம்பஞ்சை ஊதி விளையாடியவர்கள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நான்கைந்து காய்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பஞ்சை விடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் அது சரிவின் மேல்நோக்கி மிதந்து போகும். மாலையில் குளிர் இறங்கியதும் பள்ளத்தை நோக்கி வழியும், தண்ணீர் வழிவதுபோல. சில இடங்களில் பத்து அடி போய், சுழன்று, உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வானிலை அறிக்கை மேற்குக் காற்று என்று சொல்லும். பள்ளத்துக்குள் அந்தக் காற்று என்ன செய்கிறது என்பதைப் பஞ்சுதான் சொல்லும். காலைக்கு ஓர் இடம், மாலைக்கு ஓர் இடம் என்று இரண்டு தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். வாடை மானுக்குப் போகாமல் நடந்து சேரும் வழியையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

இன்னும் சில செய்திகள். சுடும் திசையில் குண்டைத் தாங்க மண்மேடு இருக்கிறதா என்று உட்காரும்போதே பாருங்கள். மேட்டின் விளிம்பில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மானைச் சுடவே கூடாது, அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு நிறம் சட்டப்படி கட்டாயம். ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 கெஜத்துக்குள் துப்பாக்கி வேட்டை கூடாது. இரை வைத்து மானை வரவழைக்கப் பார்க்காதீர்கள், அதுவும் குற்றம். பரணுக்காக மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். கையோடு கொண்டுபோய்க் கையோடு எடுத்துவரும் பரண் போதும். விடிவதற்கு முன் போய்ச் சேரும்போது அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவரின் விளக்கு தெரிந்தால், கைவிளக்கை ஒருமுறை அசைத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். பொதுநிலத்தில் முதலில் வந்தவருக்கு அந்தக் காலை சொந்தம். உங்களிடம் இன்னும் இரண்டு இடங்கள் குறித்துவைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

தூக்கி வருவதையும் யோசியுங்கள். குடலை எடுத்த பிறகும் நல்ல ஆண்மான் அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும். பள்ளத்தின் அடியில் சுட்டுவிட்டு, ஒற்றை ஆளாக மேலே இழுக்க முடியாமல் கறியைக் கெட்டுப்போக விடுவது, காயப்பட்ட மானைத் தொலைப்பதற்குச் சமமான தவறு. எண்ணெய்க் கிணறுகளுக்குப் போட்டு, வண்டிகளுக்கு அடைத்துவைத்திருக்கும் புல் மூடிய சாலைகள் இந்த வனத்தில் ஏராளம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் கழுத்திலிருந்து அப்படி ஒரு சாலைக்கு ஏற்றமில்லாத வழி இருக்கட்டும். சின்னத் தள்ளுவண்டி ஒன்று இருந்தால் இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்துவிடலாம்.

இந்த அக்டோபரில் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேரியன்வில் என்ற ஊர்ப் பக்கம் இருப்பேன். காலை ஏழு மணிக்குக் காட்டுக்குள் நடக்கத் தொடங்குவேன். வருகிறவர்கள் சமவுயரக் கோடுகள் உள்ள காகித வரைபடம் ஒன்றும் பென்சிலும் கொண்டுவாருங்கள். கைப்பேசிக்கு அங்கே பல இடங்களில் சிக்னல் கிடையாது. வில் வேட்டை நடக்கும் மாதம், அதனால் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கி வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். மில்க்வீட் காய் எங்கே பறிப்பது என்பதையும் வழியில் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே இந்தக் காட்டில் தவறு செய்த ஓர் அண்ணன்