விளம்பரம் வெற்றிடம் அல்ல: நாளிதழ் மின்னாக்கப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகப் பொறுப்பாளர்களுக்கும் மின்னாக்கப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம். 1900 முதல் 1920 வரையிலான நாளிதழ்த் தொகுதிகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். தொட்டால் பொடியாகும் தாளைப் பிரித்து, விரித்து, படமெடுப்பது எவ்வளவு பாடு என்பது இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு முதலில் நன்றி.

ஆனால் பண்டிகைக் கால இதழ் எதைத் திறந்தாலும் பக்கத்தில் பாதி வெள்ளையாக இருக்கிறது. தலையங்கம் இருக்கிறது, தந்திச் செய்தி இருக்கிறது, விளம்பரம் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம். விளம்பரம் செய்தியல்ல என்பதால் நீக்கியதாக உங்கள் விளக்கக் குறிப்பு சொல்கிறது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: அட்டையிலிருந்து அட்டைவரை, முழுப் பக்கமாகத் தாருங்கள்.

இதில் பெரிய இடைஞ்சல் முதல் பக்கம். அந்தக் காலத்து நாளிதழ் பலவற்றில் முதல் பக்கமே விளம்பரம்தான். லண்டன் 'தி டைம்ஸ்' 1966 வரை அப்படித்தான் வந்தது. நம் 'தி ஹிந்து' 1958இல்தான் முதல் பக்கத்தில் செய்தி போடத் தொடங்கியது. இது நீங்கள் அறியாததல்ல. ஆகவே "விளம்பரப் பக்கம்" என்று நீங்கள் தள்ளியது பெரும்பாலும் இதழின் முகப்பு. அதோடு இதழின் பெயர், தேதி, தொகுதி எண், விலை எல்லாம் போயின. உள்பக்கத் தலைப்பில் தேதி இருக்குமே என்றால், பைண்டு செய்தவர் ஓரம் சீவியபோது அதுவும் பல இடங்களில் சீவப்பட்டிருக்கிறது. இப்போது உங்கள் தளத்தில் இரண்டாம் பக்கம் முதல் பக்கமாக நிற்கிறது. மேற்கோள் காட்டுகிறவர் தவறான பக்க எண்ணைத் தருகிறார். மூலத்தைச் சரிபார்க்கப் போகிறவர் அலைகிறார்.

விளம்பரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்க நாளிதழ்களின் 1917, 1918 டிசம்பர் இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச் செலவுக்கு மக்களிடம் கடன் திரட்ட அமெரிக்க அரசு விற்ற போர்ச் சேமிப்பு முத்திரை 1917 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. சிறு முத்திரை 25 சென்ட். 16 ஒட்டினால் அட்டை நிறையும், 4 டாலர். அதோடு சில சென்ட் சேர்த்துக் கொடுத்தால் பெரிய முத்திரை. அது 1923 ஜனவரி 1இல் 5 டாலராகத் திரும்பும். சேர்த்துக் கொடுக்க வேண்டிய தொகை 1917 டிசம்பரிலும் 1918 ஜனவரியிலும் 12 சென்ட், பிறகு மாதம் ஒரு சென்ட் கூடியது. 1918 டிசம்பரில் 23 சென்ட். அதனால் கிழிந்துபோன ஒரு விளம்பரத்தில் "4.12" என்றிருந்தால் அது முதல் இரண்டு மாதங்களுக்குள், "4.23" என்றிருந்தால் போர் ஓய்ந்த பிறகு வந்த கிறிஸ்துமஸ். அரசாங்கத்தின் கடன் பத்திரம் கிறிஸ்துமஸ் பரிசாக விலைபோன கதை அந்த இரண்டு இலக்கங்களில் நிற்கிறது. உங்கள் முறையில் அந்த இலக்கங்கள் வெற்றுக் கட்டத்துக்குள் போய்விடும்.

1918இல் இன்னொன்று. அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலுக்குக் கடைக்காரர்கள் ஒப்புதல் தந்தார்கள்: பண்டிகைக்கென்று கூடுதல் ஆள் சேர்ப்பதில்லை, வேலை நேரத்தை நீட்டுவதில்லை, வியாபாரத்தை அக்டோபர் முதல் மூன்று மாதங்களுக்குப் பரப்புவது, சிறு பொட்டலத்தை வாடிக்கையாளரே கையில் எடுத்துப் போகச் செய்வது. இந்த நிபந்தனைகளைக் கடைகள் எந்த அளவுக்கு மதித்தன என்பதைத் தலையங்கம் சொல்லாது. நவம்பர் 11 போர்நிறுத்தத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு கடை என்ன எழுதியது, அடுத்த வாரம் எந்த வரியை எடுத்துவிட்டது என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். "அதே விளம்பரம் தினமும் திரும்ப வருகிறது, ஒன்று போதும்" என்ற உங்கள் வாதம் இங்கேதான் உடைகிறது. அச்சுக்கூடத்தில் கோத்த எழுத்தைக் கலைக்காமல் வைத்திருந்து நாள்தோறும் அடித்தார்கள், உண்மை. ஆனால் அதில் ஒரு வரி மாறிய நாள்தான் ஆய்வுக்கு வேண்டிய நாள். முதல் நாளும் கடைசி நாளும் தெரியாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் காலக் கிறிஸ்துமஸ் விளம்பரங்களில் வரும் "சீக்கிரம் வாங்குங்கள்" என்ற வாசகமே கடைக்காரர் கண்டுபிடித்ததல்ல. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் விற்பனைப் பெண்களும் பொட்டலம் சுமக்கும் சிறுவர்களும் நள்ளிரவுவரை நிற்பதை எதிர்த்து, ஃப்ளாரன்ஸ் கெல்லி தலைமைச் செயலாளராக இருந்த தேசிய நுகர்வோர் கழகம் நடத்திய இயக்கம் அது. பிறகு கடைகள் அதை எடுத்துத் தங்கள் பரப்புரையாக்கிக்கொண்டன. எப்போது, எந்தக் கடை, எந்தச் சொல்லோடு? பதில் விளம்பரப் பத்தியில்.

அமெரிக்கா எதற்கு என்றால், வங்காளம் இருக்கிறது. 1905 ஆகஸ்ட் 7 கல்கத்தா டவுன் ஹால் கூட்டத்தில், வங்கப் பிரிவினையை எதிர்த்துப் பகிஷ்காரத் தீர்மானம். செப்டம்பர் 28 மகாளய அமாவாசையன்று காளிகாட் கோயிலில் அந்நியப் பொருள் வாங்குவதில்லை என்று உறுதிமொழி. அதையடுத்து துர்கா பூஜை. அக்டோபர் 16 பிரிவினை நடைமுறை. பூஜைத் துணி வியாபாரம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் இத்தனையும் நடந்தது. மான்செஸ்டர் துணி எந்த வாரத்தில் விளம்பரத்திலிருந்து மறைந்தது, எந்த வாரத்தில் வேறு பெயரில் திரும்பியது என்பதைச் சுதேசி வரலாறு எழுதுகிறவர் வேறு எங்கே போய்ப் பார்ப்பார்?

தமிழுக்கு வந்தால் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1906இல் பதிவான அதன் பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பங்கு வாங்கச் சொல்லும் அறிவிப்பு உங்கள் கணக்கில் விளம்பரமா, பொது விவகாரமா? பாரதி நடத்திய 'இந்தியா' வாரஇதழோ சிவப்புத் தாளில் வந்தது. அதுபோன்ற தாளைக் கறுப்பு-வெள்ளை மட்டும் பதியும் முறையில் ஸ்கேன் செய்தால் தாளும் எழுத்தும் சேர்ந்து கறுத்துவிடும். வண்ணத்தில் எடுத்து, பிறகு சிவப்புத் தடத்தை மட்டும் பிரித்தால் தாள் வெளுத்து எழுத்து தெளியும். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். அமைப்பை மாற்றினால் போதும்.

மற்ற தாள்களுக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), 8 பிட் சாம்பல் நிறம் போதுமானது. கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் விளம்பரத்தின் பொடி எழுத்தும் மரக்கட்டைப் படங்களின் மெல்லிய கோடும் ஒட்டிக்கொள்ளும். பைண்டின் மடிப்புப் பக்கம் உள்ள பத்தி வளைந்து மறைகிறது. தொகுதியை V வடிவத் தாங்கியில் வைத்து எடுங்கள், அழுத்திப் பிளக்க வேண்டாம், முதுகு முறியும்.

படத்திலிருந்து எழுத்தைப் படித்துப் பதியும் மென்பொருளான எழுத்துணரியில் தனித் தொல்லை. ரூபாய்-அணா-பை கணக்கில் "1-8-0" என்பது ஒன்றரை ரூபாய். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. எழுத்துணரி கோட்டை விழுங்கி "180" என்று பதிகிறது. வேட்டி ஒன்று நூற்றெண்பது ரூபாய் ஆகிறது. ௹ என்ற ரூபாய்க் குறியை அது கண்டுகொள்வதே இல்லை. பழைய ணா, றா, னா, லை, ளை வடிவங்களும் அப்படித்தான். பக்கத்துப் பத்தியின் வரியை இந்தப் பத்தியோடு சேர்த்துப் படிப்பதால் தைல விளம்பரத்துக்குள் ஜவுளி வந்து விழுகிறது. இதற்கு விடை விளம்பரத்தை எறிவதல்ல. ஒவ்வொரு விளம்பரத்தையும் தனிக் கட்டமாக வரையறுத்து, "விளம்பரம்" என்று வகை குறித்து, படத்தோடு வைத்திருங்கள். எழுத்துப் பிழையை வாசகரே திருத்த வழி கொடுங்கள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளம் இதைத்தான் செய்கிறது: விளம்பரம் அங்கே தனி வகை, வேண்டாதவர் தேடலில் விலக்கிக்கொள்ளலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளம் பக்கத்தை வெட்டுவதே இல்லை.

நம் ஊரில் மட்டும் எது ஆவணம் என்று தீர்மானிக்க ஆளாளுக்குக் கத்தரி. முதலில் பைண்டு செய்தவர் ஓரம் சீவினார். பிறகு மைக்ரோஃபிலிம் எடுத்தவர் இணைப்பிதழை விட்டார். ஃபிலிம் ஆயிற்றே என்று சில இடங்களில் மூலத்தாளே எடைக்குப் போயிற்று. கரையான்கூட இத்தனை ஆராய்ச்சி செய்வதில்லை. தலையங்கத்தையும் தலைவலித் தைலத்தையும் சமமாக நடத்தியது. அதன் நடுநிலை மின்னாக்கத் திட்டங்களுக்கு வாய்க்கவில்லை.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. கேட்பது பெரிதல்ல. மூல ஸ்கேன் கோப்புகளில் விளம்பரம் இருக்கிறது, தளத்தில் மட்டும் மறைத்தீர்கள் என்றால், மறைப்பை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. ஸ்கேனே ஆகவில்லை என்றால் 1905 முதல் 1908 வரையிலும், 1914 முதல் 1918 வரையிலுமான தொகுதிகளில் புரட்டாசி தொடங்கி மார்கழி முடிய உள்ள இதழ்களை முதலில் எடுங்கள். எந்தப் பக்கம் விடுபட்டது, ஏன் என்பதை ஒவ்வொரு இதழின் விவரக்குறிப்பிலும் எழுதுங்கள். முழுப் பக்கம் ஏறி, ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடும்வரை தாள்களைக் கழித்துக்கட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தயவுசெய்து முழுப் பக்கமாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
பழைய நாளிதழ்களை நம்பி வேலை செய்யும் வாசகர்கள்