கேட்பதற்கு முந்தைய கால் மணி நேரம்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி குழுவில் நீ கேட்டதைப் பார்த்தேன். "பைத்தான் ஓடவில்லை, அவசரம், யாராவது உதவுங்கள்." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். முக்கியமான வரி மட்டும் அதில் வெட்டுப்பட்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம். உன்மேல் யாருக்கும் கோபமில்லை. என்ன கேட்கிறாய் என்றே புரியவில்லை, அவ்வளவுதான்.

பைத்தான் என்ற நிரல்மொழியின் பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். கோளாறு என்ன என்பது அங்கேதான் இருக்கும். நான் தனியாகக் கேட்ட பிறகு நீ அனுப்பினாயே, 'பிஐஎல்' என்ற பெயரில் மாட்யூல் இல்லை என்று, அதுதான் அந்த வரி. மாட்யூல் என்றால் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்; பிஐஎல் படங்களைக் கையாளுவதற்கானது. அந்த வரியை அப்படியே இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடு. வரியில் உன் ஃபோல்டர் பெயர் இருந்தால் எடுத்துவிடு. உன் ஃபோல்டர் வேறு யாரிடம் இருக்கப் போகிறது? இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்: நிரலில் இம்போர்ட் என்று எழுதி அழைப்பது பிஐஎல், ஆனால் இன்ஸ்டால் செய்ய வேண்டியது பில்லோ. பிஐஎல்லின் வளர்ச்சி நின்றுபோனதும் அதிலிருந்து கிளைத்ததுதான் பில்லோ. இம்போர்ட் பெயர் மட்டும் பழையபடியே இருக்கிறது.

விடை கிடைத்ததும் தேதியையும் பார்த்துக்கொள். அதிலுள்ள நிரலில் 'பிரிண்ட்' என்ற கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2 காலத்துச் சரக்கு. 2020 ஜனவரி 1-ஓடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது.

நானும் இதில் மாட்டியவன்தான். எல்லாம் இன்ஸ்டால் செய்த பிறகும் மாட்யூல் இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. பொறுமை போய், கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். செய்து பார்த்ததையெல்லாம் வரிசையாக எழுதி, பதிப்பு எண்ணையும் சேர்க்கலாமென்று பார்த்தால், பைத்தான் ஒரு எண்ணைச் சொல்கிறது, மாட்யூல்களை இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப் வேறொரு பைத்தானைக் காட்டுகிறது. ஒன்றில் இன்ஸ்டால் செய்து இன்னொன்றில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! அந்தக் கேள்வியை அனுப்பவே இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் தேடியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. பெயர் தெரியாததை எப்படித் தேடுவாய்? "இதை என்னவென்று சொல்வார்கள்?" என்று கேள், நடுராத்திரியானாலும் பதில் சொல்கிறேன். 'கூகுள் பண்ணு' என்று ஒற்றை வரியில் விரட்டுகிற ஆட்களை எனக்கும் பிடிக்காது. ஏதோ ஒரு நாள் அவர்களும் யாரிடமோ கேட்டவர்கள்தானே.

பில்லோ போட்டும் ஓடவில்லையென்றால் மறுபடி எழுது. படமாக வேண்டாம், எழுத்தாகவே ஒட்டு. கடைசி வரி வரைக்கும்.

அன்புடன்,
அண்ணன்