பெயர் சொல்லிக் கூப்பிட நான் இருக்கிறேன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை. உன் தங்கை போய்விட்ட செய்தி முன்பே காதில் விழுந்திருந்தது. ஆனாலும் உன் கையெழுத்தில் படித்தபோதுதான் மனம் அதை நம்பியது. "இனி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தாண்டி மேலே படிக்க வெகுநேரம் ஆயிற்று.

முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். நான் இருக்கிறேனடி. குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் நீ என்ன சொல்ல வந்தாய் என்பது புரிகிறது. இன்று நம்மைச் சுற்றி இருப்பவர்களுக்கு நாம் எப்போதுமே கிழவிகள்தான். நீ ஓட்டப்பந்தயத்தில் ஓடியதை அவர்கள் பார்த்ததில்லை. உன் அப்பாவின் கோபத்துக்குப் பயந்து நீயும் உன் தங்கையும் கதவுக்குப் பின்னால் ஒளிந்ததும் அவர்களுக்குத் தெரியாது. "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால், "இருக்கே" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீண்ட ஆயுளில் ஒவ்வொருவராகக் குறைவது அந்த ஆட்கள்தான். ஒருவர் போகும்போது அவரோடு நம் வயதில் ஒரு பகுதியும் போய்விடுகிறது.

வந்தவர்கள் எல்லாரும் "84 வயசு, நிறைவா வாழ்ந்துட்டுப் போயிட்டாங்க" என்று ஆறுதல் சொன்னதாகவும், அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்ததாகவும் எழுதியிருந்தாய். எரிச்சல் வரத்தான் செய்யும். நிறைவாக வாழ்ந்தது அவளுக்கு. உனக்கு? உன் கணவரோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்ததைவிட அதிக காலம் அவள் உன் தங்கையாக இருந்திருக்கிறாள். வயதானவர் இறந்தால் துக்கத்தின் அளவும் சின்னதாக இருக்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. ஒரு உறவு எத்தனை காலம் நீடிக்கிறதோ, அத்தனை இடங்களில் அது வாழ்க்கைக்குள் வேர்விட்டிருக்கும். நீ அழுவது அதிகம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே.

ஜீன் கால்மென்ட் என்ற பிரெஞ்சுப் பெண்மணியைப் பற்றி நீயும் கேள்விப்பட்டிருப்பாய். 1875இல் பிறந்து 1997இல் இறந்தார். 122 ஆண்டும் 164 நாளும். பதிவில் இருக்கும் மனித ஆயுள்களில் அதுதான் மிக நீண்டது. இத்தனை வயது வாழ என்ன ரகசியம் என்று அவரிடம் கேட்காதவர் இல்லை. எனக்கு அவர் வாழ்க்கையில் கண்ணில் படுவது வேறு. ஒரே மகள் 1934இல் போனாள். கணவர் 1942இல் போனார். பிறகு 1963இல், ஒரே வருடத்துக்குள், மருமகனும் ஒரே பேரனும் போய்விட்டார்கள். பேரன் சாலை விபத்தில். அதற்கப்புறம் அந்த அம்மாள் 34 வருடம் இருந்தார். 110 வயதை ஒட்டி முதியோர் இல்லத்துக்குப் போகும்வரை சொந்த வீட்டிலேயே வாழ்ந்தார். உணவும் பழக்கமும் பற்றி ஆயிரம் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த 34 வருட மாலைப்பொழுதுகளில் அவர் யாரிடம் பேசினார் என்பதுதான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது.

அப்புறம், யாரிடமும் சொல்லாதே என்று ஒன்று எழுதியிருந்தாயே, விடியற்காலையில் தங்கை பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போலக் கேட்கிறது, புத்தி பேதலிக்கிறதோ என்று பயமாக இருக்கிறது என்று. பயப்படாதே. 1971இல் வேல்ஸில் டியூவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் இதைப் பற்றி விசாரித்து எழுதினார். கிட்டத்தட்ட பாதிப்பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோம், சிலர் பார்த்தோம், சிலர் குரலைக் கேட்டோம் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. சிலருக்கு உன்னைப் போலத்தான், பயம். பலருக்கு அந்த அனுபவம் ஆறுதலாகவே இருந்திருக்கிறது. எனக்கும் என் கணவர் செருப்பைக் கழற்றும் சத்தம் பல வருடம் கேட்டது. நான் அவரோடு பேசுவேன். இன்றும் பேசுகிறேன். மின்கட்டணம் கட்டியாயிற்று என்பதைக்கூடச் சொல்லிவிடுவேன். இறந்தவர்களை முழுக்க விட்டுவிட்டால்தான் தேற முடியும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அவர்களோடு வேறு விதமான உறவு தொடரலாம், அது நோய் இல்லை என்கிறார்கள். ஆனால் ஒன்று, சாப்பாடும் தூக்கமும் மாதக்கணக்கில் திரும்பாமல் போனால், எழுந்திருக்கவே மனமில்லாமல் போனால், அப்போது வயசு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போய்ச் சொல். நம் வயதில் வரும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு.

கொள்ளுப்பேரன் ஏதோ செய்ய, வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே துரோகம் செய்ததுபோல இருந்தது என்கிறாய். துரோகம் இல்லை. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாக ஏறிக் கடக்க வேண்டும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளோடு பேசி. இழந்துவிட்டு அழுகிறவர்களுக்கு அதை அப்படியே பொருத்தியது பிறகு நடந்தது. 1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சொன்னதுதான் நான் கண்ட வாழ்க்கைக்குப் பொருந்துகிறது. மனம் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், கொஞ்ச நேரம் அன்றாட வேலையின் பக்கம் வரும், மறுபடி போகும். இந்தப் போக்குவரத்துதான் தாங்கும் வழி. சிரிக்கிற நேரமும் துக்கத்துக்குள் சேர்ந்ததுதான்.

இனி நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காமல் போகலாம். மருமகள் கடமைக்குத்தான் அறைக்கு வந்து போகிறாள் என்கிறாய். இருக்கலாம். ஆனால் ஜான் கசியோப்போ என்ற ஆராய்ச்சியாளர் தனிமை உணர்வைப் பசி, தாகம் போன்ற ஓர் எச்சரிக்கை என்றார். உறவு தேவைப்படுகிறது என்று உடம்பே சொல்கிறது. ஆனால் அது நாள்பட்டால் மனம் எதிலும் ஆபத்தைத் தேட ஆரம்பிக்கும், நல்லெண்ணத்தோடு வருபவர் முகத்திலும் வேறு ஏதோ தெரியும் என்றும் சொன்னார். அவள் வாசலில் நிற்கும்போது "கொஞ்ச நேரம் உட்காரேன்" என்று ஒருமுறை நீயாகச் சொல்லிப் பார். அப்புறம் முடிவு செய்.

அதோடு காது! எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறாய். அவர்கள் சாதாரணமாகத்தான் பேசுகிறார்கள். காது கேட்காததால் மனிதர்கள் எத்தனை பேர் கூட்டத்துக்கு நடுவே தனியாகிப் போகிறார்கள் தெரியுமா? கேட்பவர் மறுபடி கேட்கச் சங்கடப்படுவார், சொல்பவர் மறுபடி சொல்ல அலுத்துக்கொள்வார், பேச்சு நின்றுவிடும். நான் காது கருவி போட்டுக்கொண்டேன். முதல் சில வாரம் தட்டு வைக்கிற சத்தம்கூட இடிபோல விழுந்தது. திரும்பப் போய் அளவைச் சரிசெய்தார்கள், மூளையும் பழகிக்கொண்டது. பேரப்பிள்ளைகள் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. தயவுசெய்து தள்ளிப் போடாதே.

என் பக்கத்துச் செய்தி. இடது கண்ணில் புரை அறுவை முடிந்தது, நிறங்கள் பளிச்சென்று தெரிகின்றன. வலது கண் அடுத்தது. கண் தெளியும்வரை பக்கத்து வீட்டுப் பெண் வந்து செய்தித்தாள் படித்துக் காட்டினாள். கல்லூரியில் படிக்கிறாள். இப்போது படிக்க வேண்டிய தேவை இல்லை, ஆனாலும் வருகிறாள். தன் கவலையைச் சொல்கிறாள், என்னிடம் யோசனை கேட்கிறாள். நம் வயதில் எல்லாரும் நம்மைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறார்கள், நம்மிடம் ஏதாவது கேட்க யாரும் வருவதில்லை. இவள் கேட்கிறாள். அந்த நாள் எனக்கு நல்ல நாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடேன் என்று கேட்டேன். ரொம்பத் தயங்கினாள். கடைசியில் பெயரோடு பாட்டியையும் சேர்த்துக் கூப்பிடுகிறாள். அதுவே போதுமாக இருக்கிறது. போனவர்கள் இடத்தில் இவள் உட்காரவில்லை, அது யாராலும் முடியாது. இவளுக்கென்று வேறொரு இடம் உண்டாகியிருக்கிறது. இந்த வயதில் அப்படி ஒரு இடம் உண்டாகும் என்று நான் நினைத்ததில்லை. உனக்கும் உண்டாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உன்னால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். பழைய படங்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர்களை எழுதிக்கொண்டு வருகிறேன். நாம் எழுதாவிட்டால் அந்த முகங்கள் யாருடையவை என்று சொல்ல இனி ஆள் கிடையாது. இத்துடன் ஒரு படத்தின் நகல் வைத்திருக்கிறேன், பள்ளி முடித்த வருடம் எடுத்தது. பின்வரிசையில் உன் தங்கைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் யாரென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவள் பெயரை எழுது. கூடவே உன் தங்கையைப் பற்றி உனக்குத் தெரிந்த, எனக்குத் தெரியாத கதைகளையும் எழுது. நீளமாக எழுது. ஞாயிறு காலையில் தொலைபேசியில் கூப்பிடுகிறேன், எடு.

உன் பழைய சிநேகிதி