பூட்டு என் வீட்டில், சாவி குடியாத்தத்தில்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மூர்த்தி,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவன் சித்திரை முடியும்போது எழுதுகிறேன். திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. உன் முழங்கால் எப்படி? டாக்டரிடம் போனாயா, இன்னும் பாம்பு சார் சொன்ன எண்ணெய்தானா?

விஷயம் இதுதான். குடியாத்தத்து மச்சானோடு பேசிவிட்டேன்.

அவனோடேதான். வரப்புச் சண்டைக்கு அப்புறம் இரண்டரை வருஷம். மருமகள் வளைகாப்பில் எதிரெதிரே இலை விழுந்தும் ஆளுக்கொரு அப்பளத்தைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தோமே! பேச வைத்தது என் லேப்டாப்.

போன மாதம் அது மூச்சை விட்டது. கடையில் பார்த்து, மதர்போர்டு போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து போட்டால் நீலத்திரை. 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது. கடைப் பையனுக்குப் போன் போட்டேன். "உங்ககிட்டதான் சார் இருக்கும், தேடிப் பாருங்க" என்றான். பூட்டே போடாதவன் சாவியை எங்கே தேடுவது?

அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். விண்டோஸே என்னைக் கேட்காமல் டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கிறது. டிபிஎம் என்று ஒரு சின்னச் சில்லு. சிலதில் போர்டில் தனியாக இருக்கும், சிலதில் பிராசஸருக்குள்ளேயே. கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடுகிற ஒவ்வொரு நிரலையும் அளந்து அதில் பதிவு செய்கிறார்கள். நேற்று இருந்த அளவே இன்றும் இருந்தால்தான் டிஸ்கைத் திறக்கிற சாவியை வெளியே விடும். ஒரு பிசிறு மாறினாலும் வாயை மூடிக்கொள்ளும். உன் பழைய பெட்டியில் விண்டோஸ் 11 ஏறாது என்று புதுசு வாங்கிவிட்டு என்னிடம் புலம்பினாயே, அதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். 2021-இல் 11 வந்தபோதே டிபிஎம் 2.0 கட்டாயம் என்றுவிட்டார்கள்.

என் போர்டை மாற்றியதும் சில்லும் போய்விட்டது. புதுச் சில்லுக்கு என்னைத் தெரியாது. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் வெறும் கிறுக்கல்தான். இதற்கென்று ஆதியிலேயே எழுதி வைத்த மாற்றுச் சாவிதான் அந்த 48 இலக்கம். முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தோமோ, பல லேப்டாப்களில் அந்தக் கணக்குக்கே அது தானாகப் போய்ச் சேருமாம்.

என் லேப்டாப்பை 2022-இல் வாங்கி, எல்லாம் ஏற்றிக் கொடுத்தவன் யார்? மச்சான். எனக்கு அப்போது ஈமெயில் கிடையாது. "என்னுதையே போட்டுடறேன் மாமா" என்றான். நானும் தலையாட்டினேன்.

வேலூர்க் கோட்டைக் கோயில் ஜலகண்டேஸ்வரர் இத்தனை வருஷம் நம் சத்துவாச்சாரியில் இருந்தாரே, கோயில் அங்கே வெறுமனே நிற்க! 81-இல் திரும்பக் கொண்டுபோனபோது கூட்டத்தில் உன் செருப்பு போனது. அந்தக் கதையாகிவிட்டது என் பாடு.

இன்னும் கேள். அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? அவன்மேல் கேஸ் போட வக்கீல் கேட்ட பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், எல்லாவற்றின் ஸ்கேனும். அசல்கள் பாதி எங்கே இருக்கின்றன என்று எனக்கே தெரியாது.

மூன்று நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இவள்தான் போட்டுக் கையில் திணித்தாள். "இன்னா மாமா" என்றான், நேற்றுப் பேசிய மாதிரி. சொன்னேன். கணக்கைத் திறந்தான், ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டு. அவன் படிக்க, நான் கணக்கு நோட்டில் எழுதினேன்.

பஸ் டிக்கெட் நம்பரை 11-ஆல் வகுத்துப் பார்க்கிற என் பைத்தியம் உனக்குத் தெரியும். முதல் கட்டு வகுபட்டது. இரண்டாவதும். மூன்று, நான்கும் வகுபடவே முதுகு நிமிர்ந்தது. ஐந்தாவது வகுபடவில்லை. "இன்னொரு தடவை படிப்பா" என்றேன். "கரெக்டாத்தான் மாமா படிக்கறேன்!" "கண்ணாடி போட்டுகினியா?" போட்டுக்கொண்டு வந்தான். 8-ஐ 3 என்று படித்திருக்கிறான். உதாரணத்துக்கு (என் சாவி இல்லை, ஆசைப்படாதே) 583924: ஒற்றை இடம் கூட்டினால் 10, இரட்டை இடம் 21, வித்தியாசம் 11, வகுபடும். அந்த 8-ஐ 3 ஆக்கினால் வித்தியாசம் 6, வகுபடாது. அப்புறம் பார்த்தால், செய்தவர்களே வேண்டுமென்றுதான் ஒவ்வொரு கட்டும் 11-ஆல் வகுபடும்படி வைத்திருக்கிறார்கள், தப்பாக அடித்தால் அந்த இடத்திலேயே பிடிக்க. முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்ததற்கு இப்படி ஒரு பென்ஷன் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

திறந்தது. "உள்ள இன்னா மாமா இருக்கு, இவ்ளோ பதறினே?" என்றான். "பேத்தி போட்டோ" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை மூர்த்தி. அன்று ராத்திரி தூக்கமில்லை.

பூட்டைக் குறை சொல்ல வரவில்லை. திருடன் தூக்கிப் போயிருந்தால் ஆதாரும் பேங்க் கணக்கும் பத்திரமாக இருந்திருக்கும். நீ உன் பழைய சிபியூவை ஹார்ட் டிஸ்கோடு எடைக்குப் போட்டாயே, அதைப் படிக்க யாருக்கும் சாவி தேவையே இல்லை. ஆனால் பூட்டியிருக்கிறது என்பதே தெரியாமல் மூன்று வருஷம் உள்ளே குடியிருந்திருக்கிறேன். நான் திடீரென்று போயிருந்தால் இவள் யார் வாசலில் போய் நின்றிருப்பாள்?

உன் புது லேப்டாப்பை ஏற்றிக் கொடுத்தது பெரியவன்தானே? டல்லாஸுக்கு இன்றைக்கே போன் போடு. சாவி அவன் கணக்கிலா உன் கணக்கிலா என்று கேள், ஒரு காகிதத்தில் எழுது, பீரோவில் வை. லேப்டாப் பைக்குள் வைக்காதே, நீ வைப்பாய்.

வக்கீலிடம் இன்னும் போகவில்லை. மச்சான் ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம், பேத்தி போட்டோ பார்க்க. எல்லாம் இவள் போனில்தான் இருக்கிறது. லேப்டாப்பில் மொத்தமே நாலு. அதிலும் ஒன்றில் குழந்தை திரும்பிப் படுத்திருக்கிறது.

உன்,
சந்துரு