செயலி வாகனங்களுக்குக் கட்டண விதி எப்போது? போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். செயலி வழி ஓடும் ஆட்டோ, டாக்சிகளின் கட்டணக் குழப்பம் தாங்கள் அறியாததல்ல. அண்மையில் சென்னையில் ஒரு மழைநாள் மாலை, டயாலிசிஸ் முடிந்து வந்த என் தாயார், கையில் ஊசி எடுத்த இடத்துப் பஞ்சை மறுகையால் அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முன்பதிவை ஏற்ற ஓட்டுநர்கள் போன் செய்து, "எங்க போகணும்? ஆப்ல காட்டுறதுக்கு மேல எவ்வளவு தருவீங்க?" என்றார்கள், தயங்கினால், "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க" என்றார்கள். ரத்து செய்தால் அபராதம் என் கணக்கில்தான் ஏறும். புகார் சொல்லலாமென்றால் செயலியில் பேச ஓர் ஆள் கிடையாது.

ஓட்டுநர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது 2013-இல். டீசல், பெட்ரோல், உதிரிபாகம், காப்பீடு எல்லாம் ஏறியும் அது திருத்தப்படாததால், 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாமாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என அறிவித்தன. நிறுவனங்களோ, கமிஷனுக்குப் பதில் ஓட்டுநரிடம் சந்தா வாங்கும் முறைக்கு ஒவ்வொன்றாக மாறி, கட்டணம் பயணிக்கும் ஓட்டுநருக்கும் உள்ள விஷயம் என்று ஒதுங்கிக்கொள்கின்றன. தெருவில் நிற்கும் நோயாளிக்குப் பொறுப்பேற்க யாருமில்லை என்பதை எந்த அரசும் சகித்துக்கொள்ளக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு இந்நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தந்திருக்கிறது. நெரிசல் நேரத்திலும் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது, தக்க காரணமின்றி ரத்து செய்தால் கட்டணத்தில் 10 விழுக்காடு, 100 ரூபாய்க்கு மிகாமல், அபராதம் என்று 2025 ஜூலையில் ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களும் வந்துவிட்டன. ஆனால் அந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசுதானே! 2013-இன் 25 ரூபாயை வைத்துக்கொண்டு எந்த உச்சவரம்பை நடைமுறைப்படுத்த முடியும்?

ஆகவே, ஓட்டுநருக்குக் கட்டுப்படியாகும் புதிய கட்டணத்தை முதலில் அறிவியுங்கள். அதைச் செயலிகளின் உரிம நிபந்தனையாக்குங்கள். மீறினால் ஓட்டுநரோடு நிறுவனமும் பதில் சொல்லும்படி செய்யுங்கள். மனிதர் எடுத்துப் பேசும் புகார் எண் ஒன்றையும் கட்டாயமாக்க வேண்டுகிறேன். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர்களால் காத்திருக்க முடியாது. கட்டண அறிவிப்பை மேலும் தள்ளிப்போட வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைப் பயணி ஒருவர்