ஓவரால் 7 மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார வேலைவாய்ப்புப் பக்கத்தில், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வைப் பற்றி, "ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 7 எடுத்துத் தேர்ச்சி பெற்றால் செவிலியர்களுக்கு இங்கிலாந்தில் வேலை உறுதி" என்று ஒரு வரி வந்திருக்கிறது. இந்தப் பக்கத்தை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் நர்சுகள் இருக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

இந்தத் தேர்வில் பாஸ், ஃபெயில் கிடையாது. 0 முதல் 9 வரை பேண்ட் என்ற மதிப்பெண் மட்டுமே. எத்தனை வேண்டும் என்பதைக் கேட்கிற இடம்தான் முடிவு செய்யும். பிரிட்டனில் நர்சுகளைப் பதிவு செய்யும் என்எம்சி, ஓவரால் (நான்கு பிரிவுகளின் சராசரி) 7-உடன் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் ஒவ்வொன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6 வாங்கியவருக்குச் சராசரி 7.125. சான்றிதழில் ஓவரால் 7 என்றே அச்சாகும். அதை மட்டும் வைத்து என்எம்சி பதிவு கிடைக்காது. கேட்ட பேண்ட் எல்லாம் வாங்கியவருக்கும் பதிவுக்கு முன் சிபிடி என்ற கணினி வழித் தேர்வு, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு என்று இரண்டு தகுதித் தேர்வுகள் இருக்கின்றன. வேலை உறுதி என்று எழுத எப்படி மனம் வந்தது?

நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அடி விழுவது ரைட்டிங்கில்தான். ஒரு மணி நேரத்தில் இரண்டு பகுதிகள்: முதலாவது, ஒரு வரைபடத்தை விளக்கிக் குறைந்தது 150 சொல்; இரண்டாவது, குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை. இரண்டாவதற்கு இரட்டிப்பு மதிப்பு. முதல் பகுதியின் வரைபடத்திலேயே அரை மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, கட்டுரையை முடிவுரை இல்லாமல் விடுகிறார்கள். 20 நிமிடத்தில் முதலாவதை நிறுத்திவிட வேண்டும். நீங்களோ இதே பக்கத்தில் முன்பு "மனப்பாடம் செய்ய 10 கட்டுரைகள்" வெளியிட்டீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில், கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்று நான்காகப் பிரித்து மதிப்பெண் போடுகிறவரிடம் ஒப்பிப்பது உடனே பிடிபட்டுவிடும்.

பிரிட்டிஷ்காரர் போலப் பேசினால்தான் மார்க் என்றும் ஒருமுறை எழுதினீர்கள். நம் ஊர்ப் பேச்சு வாடைக்காக மார்க் குறைப்பதில்லை. சொல்வது தெளிவாகப் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் லிசனிங்கில் பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும், 'இரண்டு சொல்லுக்கு மிகாமல்' என்ற இடத்தில் மூன்று எழுதினால் அந்த மார்க் போய்விடும், ஸ்பெல்லிங் பிழைக்கும் அப்படியே. இதையெல்லாம் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

என்எம்சி ஏற்கும் ஓஇடி, அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு பற்றியும் ஒரு வரி இல்லை. மூன்று பிரிவுகளில் பி, ரைட்டிங்கில் சி பிளஸ் போதும். அங்கே எழுதச் சொல்வதும் நோயாளியைப் பற்றிய கடிதம்தான், நர்சுகளுக்குப் பழகிய வேலை.

அடுத்த இதழில் என்எம்சி கேட்கும் அந்த நான்கு எண்களை ஒரு சிறு கட்டத்தில், திருத்தம் என்ற தலைப்போடு வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கோச்சிங் சென்டர் விளம்பரத்துக்கு மேலே அது வரட்டும்.

இப்படிக்கு,
ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியாளர்,
திருச்சி