மோதிரம் வேண்டாம், பதக்கமாக இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மோதிரம் செய்து தரச் சொல்லி நீ அனுப்பிய அம்மோலைட் கல்லின் படத்தை அம்மா பெரிதாக்கிக் காட்டினாள். பார்த்தவுடன் என் வாயில் வந்த வார்த்தை "சாயம்". கண்ணாடித் துண்டின் அடியில் யாரோ மினுமினுப்பைப் பூசி உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் நகைப் பட்டறையில் உட்கார்ந்தவன் என்ற திமிர்தான். மறுநாள் அதே கல்லைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் அனுப்பினாய். சிவப்பாக இருந்த இடம் பச்சையாகிவிட்டிருந்தது. சாயம் அப்படி மாறாது. வாயை மூடிக்கொண்டு, இந்த அம்மோலைட்டைப் பற்றி இரண்டு வாரமாகப் படித்தேன். இந்த வயதில் புதிதாக ஒரு கல்லைத் தெரிந்துகொள்ள வைத்துவிட்டாய்.

கனடாவில் நீ இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தின் சமவெளி, ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்ததாம். சுருள் ஓட்டுக்குள் இருந்து கணவாயைப் போலக் கைகளை நீட்டி நீந்திய அம்மோனைட்டுகள் செத்து அதன் அடிச்சேற்றில் விழுந்தன. அவற்றின் ஓடுதான் உன் அம்மோலைட். சாளக்கிராமத்துக்குள் சக்கரம் போல ஒரு சுருள் தெரியுமே, அதுவும் இந்த இனம் விட்டுப்போன தடம்தான். ஆனால் கண்டகி நதிச் சாளக்கிராமம் கறுப்பு. உன் கல் மயில் தோகை. பெரும்பாலான இடங்களில் ஓடு கரைந்துவிடும், இல்லையென்றால் வேறு கனிமமாக மாறிவிடும். அங்கேயோ எரிமலைச் சாம்பல் கலந்த களிமண் மேலே படிந்து, இறுக்கி, நீர் புகாமல் மூடிக் காத்திருக்கிறது. நசுங்கினாலும் ஓடு ஓடாகவே தங்கிவிட்டது.

நிறம் வரும் விதம்தான் என்னை உட்கார வைத்தது. மயில்கழுத்துப் பட்டில் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம். அதனால் அது மாறித் தெரிகிறது. இதில் நிறப்பொருள் எதுவும் வேண்டியதில்லை. அரகோனைட் என்ற சுண்ணாம்புப் பொருள் ஏடு ஏடாக அடுக்கியிருக்கிறது. ஒவ்வோர் ஏட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களைக் கூட்டுகின்றன, சிலவற்றை அழிக்கின்றன. ஏடு தடித்திருந்தால் சிவப்பு, மெலிந்திருந்தால் நீலமும் ஊதாவும். மெலிந்த ஏடு சீக்கிரம் சிதைவதால்தான் நீலமும் ஊதாவும் அரிது. உன் கல்லின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு நீலம் இருக்கிறது, கவனித்தாயா?

முத்தும் பெரும்பாலும் இதே அரகோனைட்தான். அது தெரிந்ததும் எனக்கு ஒரு பழைய அவமானம் நினைவுக்கு வந்தது. தொழில் பழகிய காலத்தில், முத்துப் பதித்த தோடு ஒன்றை யோசிக்காமல் திராவகத்தில் போட்டுவிட்டேன். எடுத்தபோது முத்து, சுண்ணாம்பு உருண்டை போல ஒளியிழந்து கிடந்தது. உன் தாத்தா திட்டவில்லை. ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அதனால் சொல்கிறேன்: நகையைச் சுத்தம் செய்கிறேன் என்று எலுமிச்சை, வினிகர் பக்கம் போய்விடாதே. கடைக்காரர் அதிர்வுத் தொட்டியில் போட்டுத் தருகிறேன் என்றாலும், நீராவி அடித்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாசனைத் திரவியம் பூசி முடித்த பிறகு நகையை அணி.

இப்போது மோதிர விஷயம். நீ கேட்டதை நான் மறுப்பது அபூர்வம் என்பது உனக்குத் தெரியும். இதை மறுக்கிறேன். 1 முதல் 10 வரை போகும் கடினத்தன்மை அளவில் இந்தக் கல் 4-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. காற்றில் பறக்கும் தூசியில் உள்ள குவார்ட்ஸ் என்ற மணல் கனிமம் 7. தூசி படிந்திருக்கும்போது துணியால் அழுத்தித் தேய்த்தாலே கீறிவிடும். நிறம் காட்டும் அடுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் பெரும்பாலும் அடியில் ஒரு பாறைத் துண்டை ஒட்டி டப்ளட் என்ற ஈரடுக்குக் கல் ஆக்குகிறார்கள். மேலே குவார்ட்ஸிலோ, ஸ்பைனல் என்ற கல்லின் செயற்கை வகையிலோ ஒளிபுகும் மூடியும் வைத்தால் மூவடுக்கு, அதாவது டிரிப்ளட். இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன், வாங்குபவரிடம் சொல்லி விற்றால். உன் கல்லுக்கு மேல்மூடி இருக்கிறதா என்று பக்கவாட்டில் உருப்பெருக்கியை வைத்துப் பார். மூடி இருந்தால் எப்போதாவது அணியும் மோதிரத்துக்கு ஒப்புக்கொள்வேன். ஆனால் நீ தினமும் கையில் போட்டுக்கொள்ளத்தான் கேட்கிறாய். பாத்திரம் தேய்க்கும் கை, கதவு இடிக்கும் கை. கழுத்தில் தொங்கட்டும்.

பதக்கத்தை எப்படிச் செய்வது என்று மனதுக்குள் பலமுறை செய்து பார்த்துவிட்டேன். நகம் போன்ற பிடிகள் கூடாது. நான்கு முனையில் அழுத்தினால் ஓடு விரிசல் விடும். சுற்றிலும் தங்கத் தகட்டால் விளிம்பு எழுப்பி, கல்லை உட்கார வைத்து, விளிம்பைச் சிறிது சிறிதாக மடக்க வேண்டும். விளிம்பு 22 காரட். சொக்கத் தங்கத்துக்கு அருகில் இருப்பதால் மென்மையாக மடங்கும், கல்லின் மேல் பலம் விழாது. வளையமும் அடித்தகடும் 18 காரட்; அவை தேயக் கூடாது. வைரத்துக்கு விடுவது போலப் பின்னால் திறந்துவிட வேண்டியதில்லை, இந்தக் கல்லுக்கு ஒளி முன்னாலிருந்துதான் வருகிறது. பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலையெல்லாம் முடிந்து, திராவகத்தில் இட்டுக் கழுவி, மெருகும் போட்ட பிறகே கல் உள்ளே போக வேண்டும். தீ அதன் பக்கத்திலேயே வரக் கூடாது. வெள்ளைத் தங்கத்தில் செய்யலாமே என்று மாப்பிள்ளை கேட்டாராம். இந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் மஞ்சள் தங்கம்தான். இது என் பிடிவாதம், அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

நண்பர்களோடு செயின்ட் மேரி ஆற்றங்கரைக்குப் போய்த் தேடப் போவதாக எழுதியிருந்தாய். போ. ஆனால் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்காதே, தரையைத் தோண்டவே தோண்டாதே. மேலே கிடப்பதைப் பொறுக்கினாலும் அது மாகாணத்துக்குச் சொந்தம். அனுமதிச் சான்று இல்லாமல் அறுக்கவோ, விற்கவோ, ஆல்பர்ட்டாவுக்கு வெளியே கொண்டுபோகவோ கூடாது என்பது அங்கே சட்டம். 2004-இல் அதைத் தங்கள் மாகாணக் கல்லாகவே அறிவித்துக்கொண்டவர்கள். அவர்களுக்கும் வெகுகாலம் முன்பே, அந்த மண்ணின் பிளாக்ஃபுட் மக்கள் இந்தப் புதைபடிவங்களை இனிஸ்கிம் என்று அழைத்து, காட்டெருமையை அழைத்துவரும் கல்லாகப் போற்றி வந்திருக்கிறார்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டு நட.

விலைச்சீட்டோடு வாங்கிய கல் என்றாலும் தபாலில் அனுப்பாதே. நீ வரும்போது கையோடு கொண்டு வா. அதற்குள் கூட்டைச் செய்து வைத்துவிடுகிறேன். கல்லை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து, கூரான பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. தடிமனை மூன்று இடங்களில் அளந்து எழுது. ஓர் ஓரம் மெலிந்திருந்தால் அது எந்த ஓரம் என்று குறி. எண்களைப் பெரிதாக எழுது. கண் முன்போல இல்லை.

அப்பா